இன்ஸ்பெக்டரின் வலது பக்கம்

ஜூன் 4

எந்த வருடம் என்று கேட்டார்கள். எனக்கு எழுத்து தெரியாது, வருடம் தெரியும். பஞ்சாலை ஏழு மாதம் பூட்டிக் கிடந்த வருடம். தெருவிலேயே முதல் டெலிவிஷன் பல் டாக்டர் வீட்டுக்கு வந்து, நாங்களெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, யாரோ செய்தி வாசிப்பதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்த வருடம். அந்த மழைக்காலத்தில்தான் பழைய பாலம் போனது. பாலத்தோடு இன்ஸ்பெக்டரும் போனார்.

கேட்டவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். இரண்டு பேருக்கும் என் பேரன் வயதிருக்கும். புதுப் பாலத்தின் முனையில் அவருக்கு மார்பளவில் சிலை வைக்கப் போகிறார்களாம். அம்மாதான் திறந்து வைக்க வேண்டுமாம். என் மனைவி சரி என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள். அந்த இடைவெளியில் ஒருவன் என்னைப் பார்த்து, “ஐயா யாரு?” என்றான்.

“டிரைவர்” என்றேன்.

பொய்யில்லை. மூன்று வருடம் அவர் ஜீப்பை ஓட்டியவன் நான். அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து அவர் மனைவியைக் கட்டிக்கொண்டு, இத்தனை காலம் இந்த வீட்டில் குடும்பம் நடத்துகிறவனும் நான்தான் என்பதை ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை. தண்ணீர் வந்துவிட்டது.

ஜூன் 5

இந்தக் குறிப்பு எப்படி வந்தது என்றும் எழுதிவைக்கலாம் என்கிறார் கோர்ட்டு ஐயா. போன வருடம் நெஞ்சில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது. எரிச்சலை உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள், தினம் எழுதுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். எழுதத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கீழ்வீட்டுக்காரரான இந்த ஐயா, கோர்ட்டில் நீதிபதி சொல்லச் சொல்ல முப்பது வருடம் எழுதியவர். ஓய்வு பெற்றபின் சொல்ல ஆளில்லாமல் கை நமநமத்துக் கிடந்தார். காலையில் பூங்கா பெஞ்சில் நான் சொல்கிறேன், அவர் எழுதுகிறார். என் பேச்சைத் துவைத்துத் தேய்த்து மடித்துத்தான் வைப்பார். திட்டினால் மட்டும் கசங்கலாகவே எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம்.

எரிச்சல் யார்மேல் என்று இன்று கேட்டார். செத்துப்போனவர்மேல் என்றேன். பேனாவை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

எழுதுங்க ஐயா. கூடத்தில் நுழைந்ததும் எதிரே அவர்தான். தொப்பியோடு, கண்ணாடிக்குள்ளே. முப்பத்தொரு வயது. ஒரு நரை கிடையாது. எனக்கு முதலில் முடி போயிற்று, அப்புறம் பல்லு, இப்போது நெஞ்சுக்குழாய். அவர் அப்படியே இருக்கிறார். ஒரு நாளும் குறட்டை விட்டதில்லை. ஒரு நாளும் பால் வாங்க மறந்ததில்லை. இப்படி ஒரு ஆளோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டிப் பாருங்கள், தெரியும்.

ஜூன் 9

ஞாயிற்றுக்கிழமை. மனைவி மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் அவர் படத்தைத் துடைத்தாள். அதே துணியால் என் மூக்குக்கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தாள். எது முதலில் என்று நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவர்தான்.

ஜூன் 12

சிலை செய்கிற பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும், நகக்கண்ணெல்லாம் மண். ஒரு வாளியில் ஈரத்துணி சுற்றிக் களிமண் தலை ஒன்றைக் கொண்டுவந்து, எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தாள். முன்னாலிருந்து பார்த்தால் படத்தில் இருக்கிறவர்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் யாரோ.

“இருக்கறது ஒரே ஒரு போட்டோம்மா, அதுவும் நேரா எடுத்தது. பக்கவாட்டுல மூக்கு எப்படி, தாடை எப்படி, காது எப்படின்னு நீங்கதான் சொல்லணும்” என்றாள்.

என் மனைவி மண்ணைப் பார்த்தாள். கண்ணை மூடினாள், திறந்தாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவளுக்கு ஞாபகம் இல்லை! எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஆமாம், அப்படியேதான் எழுதுங்கள்.

ஜூன் 13

சாப்பிடும்போது அவளே பேச்செடுத்தாள். கல்யாணமாகிப் பதினாலு மாதம்தான் அவரோடு இருந்தாளாம். அதிலும் பாதி நாள் அவர் ஸ்டேஷனில். இத்தனை வருடமாகப் படத்தைப் பார்த்துப் பார்த்து, நினைத்தாலும் அந்தப் படம்தான் வருகிறதாம். “அசையவே மாட்டேங்குது” என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை.

பிறகு என்னைப் பார்த்தாள். “நீங்கதானே மூணு வருஷம் பக்கத்துல உக்காந்து ஓட்டுனீங்க. நீங்க சொல்லுங்களேன்.”

“நான் ரோட்டைப் பாத்து ஓட்டுனேன்” என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 14

சொல்வதற்கு ஒன்றும் இல்லை. காபியில் சர்க்கரை போடவில்லை அவள். மறதி இல்லை அது.

ஜூன் 16

ஐயா, இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்.

எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். வண்டியில் டிரைவர் வலது பக்கம், அதிகாரி இடது பக்கம். நான் திரும்பும்போதெல்லாம் அவருடைய வலது பக்கம்தான். நடு மூக்கில் எலும்பு லேசாகப் புடைத்திருக்கும். காது மடல் கன்னத்தோடு ஒட்டிப் பிறந்தது, தொங்காது. தொப்பி அழுத்தி அழுத்திக் காதுக்கு மேலே முடி பின்னால் படிந்து ஒரு கோடு விழுந்திருக்கும். கோபம் வந்தால் கத்த மாட்டார், தாடையில் ஓரிடம் மட்டும் துடிக்கும். அதைப் பார்த்ததும் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன். சிரித்தால் வலது ஓரம் மட்டும் மேலே போகும். இடது ஓரத்துக்குச் சிரிப்பு வந்ததே தெரியாது என்று தோன்றும்.

ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டார். “இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? அந்தப் பொண்ணு மண்ணை வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கு, அங்க போய்ச் சொல்லுங்க.”

நீங்கள் எழுத வந்தீர்களா, தீர்ப்புச் சொல்ல வந்தீர்களா என்றேன். தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இந்தச் சம்பளம் கிடையாது என்றார். நான் அவருக்குக் கொடுப்பது காலையில் ஒரு டீ.

காரணம் சொல்கிறேன், எழுதுங்கள். வீட்டில் அவர் தட்டையாக இருக்கிறார். ஒரு ஆணி, ஒரு கண்ணாடி, முன்பக்கம் மட்டும். அவ்வளவு இருக்கும்போதே எனக்கு மூச்சு முட்டுகிறது. நான் வாயைத் திறந்தால் காதும் மூக்கும் சிரிப்புமாக முழு ஆளாக எழுந்து நிற்பார். எழுந்து நிற்கிறவர் எங்கே வந்து உட்காருவார்?

கல்யாணமான புதிதில் ஸ்டேஷனில் ஒரு பேச்சு ஓடியது. டிரைவர் இடது சீட்டுக்கு மாறிவிட்டான் என்று. எல்லோரும் சிரித்தார்கள். அதைச் சொன்ன ஏட்டு போய்ச்சேர்ந்துவிட்டார், பேச்சு போகவில்லை.

ஜூன் 19

மழை. பெஞ்ச் நனைந்துவிட்டதால் ஐயா வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

அன்றைக்கும் இப்படித்தான், சாயங்காலமே இருட்டிவிட்டது. நடுத்தூண் உட்கார்ந்து, பாலத்தில் விரிசல். ஒரு பஸ் முன்சக்கரம் அதில் சிக்கி நின்றது. பொறியாளர் வரட்டும் என்றார்கள். இவர், அதுவரை பாலம் காத்திருக்குமா என்று கேட்டுவிட்டு நடந்தார். முகப்பு விளக்கைப் பாலத்தின்மேல் திருப்பி நிறுத்தச் சொன்னார். “அணைச்சிடாதீங்க டிரைவரே” என்றார். மற்றவர்களெல்லாம் என்னை டேய் போட்டுக் கூப்பிட்ட காலம். இவர் ஒருவர்தான் வாங்க போங்க.

ஆட்களை நாலைந்து பேராகக் கைகோத்துக் கூட்டிவந்தார். எல்லோரும் வந்தாயிற்று என்று கண்டக்டர் சொன்னபிறகு, ஒரு கிழவர் பெட்டியை விட்டு வரமாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. திரும்பப் போனார். என் வெளிச்சத்தைத் தாண்டிப் போகும்போது வலது ஓரம் மேலே போயிற்று. அந்தக் கிழவரை நினைத்துச் சிரித்திருப்பார்.

அப்புறம் வெளிச்சத்தில் மழை மட்டும் இருந்தது.

விளக்கை நான் அணைக்கவில்லை. பாட்டரி தானாகத் தீர்ந்தது.

இப்பேர்ப்பட்டவர்மேல் பொறாமைப்படுகிறவன் என்ன மனுஷன் என்று ஐயா கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். மனுஷன்தான், வேறென்ன.

ஜூன் 23

மகள் வந்தாள். அவர் போய் ஐந்தாவது மாதம் பிறந்தவள். என்னை அப்பா என்பாள், அவரைப் போட்டோ அப்பா என்பாள். சின்ன வயதில் அவள் அப்படிச் சொல்லும்போது எனக்கு ஒரே சந்தோஷம். போட்டோதானே.

சிலைக்காரப் பெண் அவளை வரச்சொல்லியிருந்தாளாம். மகளைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, அதைப் பார்த்து மண்ணைத் திருத்தினாளாம். மகள் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கு மூக்கு அம்மா மூக்கு. இன்ஸ்பெக்டர் தொப்பிக்குக் கீழே என் மனைவியின் மூக்கு!

எதற்குச் சிரிக்கிறேன் என்று மகள் விடவில்லை. சும்மா என்றேன். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அப்பா, அவரோடது எங்கிட்ட ஏதாச்சும் இருக்கா? நாப்பத்தேழு வயசாச்சு, கண்ணாடியில பாத்துப் பாத்துத் தேடறேன். அம்மாவுக்கும் சொல்லத் தெரியல.”

கேட்டுவிட்டு, இந்த வயதில் இதென்ன கேள்வி என்று தன்னையே நினைத்துச் சிரித்தாள். வலது ஓரம் மட்டும் மேலே போயிற்று.

நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் அப்படித்தான் சிரிக்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பால் பல் முளைத்த வாயிலேயே அது இருந்தது. அவள் சைக்கிள் பழகி விழுந்து எழுந்தபோது, வேலைக்கான கடிதம் வந்தபோது, அவள் மகன் பிறந்தபோது. ஒவ்வொரு தடவையும் ஜீப்பில் என் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்.

தண்ணீர் கொண்டுவாம்மா என்றேன். ஓடினாள்.

ஜூன் 24

போனேன். பஸ்ஸில், தனியாக, யாரிடமும் சொல்லாமல்.

சிலைக்காரப் பெண்ணின் பட்டறை ஒரு பழைய அரிசி குடோன். அவள் களிமண் தலையை மேசைமேல் வைத்து, சொல்லுங்கய்யா என்றாள். நின்றுகொண்டு பார்த்தேன். வரவில்லை. ஐயாவிடம் கடகடவென்று சொன்னவனுக்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. மண் மண்ணாகவே இருந்தது.

அப்புறம் புரிந்தது. ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டேன். தலையை அதற்கு இடது பக்கம், என் தோள் உயரத்துக்கு ஒரு முக்காலியில் வைக்கச் சொன்னேன். உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைப்பதுபோல் வைத்துக்கொண்டேன். எதிர்ச் சுவரைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்து, சட்டென்று இடது பக்கம் திரும்பினேன்.

“மூக்கு தப்பும்மா” என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் குனிந்து நின்று வேலையை ஆரம்பித்தாள். நான் சுவரைப் பார்ப்பேன், திரும்புவேன், சொல்வேன். அவள் எடுப்பாள், ஒட்டுவாள். காது ஒட்டியது. தாடை வந்தது. தொப்பிக் கோடு வந்தது. வாயின் ஓரத்தை மேலே தூக்கச் சொன்னபோது, சிலைகள் சிரிப்பதில்லை, ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். சிரிக்க வேண்டாம், சிரிக்கப் போகிற மாதிரி வை என்றேன்.

கடைசியில் திரும்பியபோது என் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

“அந்தப் பக்கம்?” என்றாள்.

அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. அது ஜன்னல் பக்கம்.

ஜூன் 26

மனைவியிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். “ரோட்டைப் பாத்து ஓட்டுனேன்னு சொன்னீங்க” என்றாள், அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

பட்டறையில் வலது பக்கத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிலைக்காரப் பெண் ஒரு நாற்காலி போட்டாள். என் மனைவி உட்காரவில்லை. அந்தப் பக்கம் சுற்றிப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு இடது காதுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினாள். மண்ணில் ஒரு குழி விழுந்தது.

“இங்க ஒரு சின்னப் பள்ளம் இருக்கும்” என்றாள். “சின்னப்பிள்ளையில அம்மை போட்டது.”

மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாத பள்ளம். விரலுக்குத்தான் ஞாபகம் இருந்திருக்கிறது. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் படுத்திருந்த விரல் என்று நான் கேட்கவில்லை.

எரிந்தது ஐயா. அங்கேயே, அந்தக் குடோனிலேயே. நானே கூட்டிப்போய், நானே எரிந்தேன். சிலைக்காரப் பெண் அந்தக் குழியைத் தொடாமல் சுற்றிலும் மெழுகினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி வழியில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். எந்த விரல் என்று பார்த்தேன். அதே கட்டைவிரல், நகத்தில் மண். உதறவா முடியும்.

ஜூன் 30

மகளைப் பட்டறைக்குக் கூட்டிப்போய், என் நாற்காலியில் உட்காரவைத்து, திரும்பிப் பார்க்கச் சொன்னேன். பிறகு கண்ணாடியில் அவளையே பார்க்கச் சொன்னேன். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்து என் தோளில் சாய்ந்துகொண்டு, “எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, கள்ள அப்பா” என்றாள்.

போட்டோ அப்பா ஒருவர், கள்ள அப்பா ஒருவர். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 11

சிலை திறந்தாயிற்று. வருடா வருடம் நினைவு நாளுக்கு மனைவியை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, நான் பின்னால் டிரைவர்களோடு மரத்தடியில் நிற்பது வழக்கம். யார் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பேசிக்கொண்டிருப்போம். இன்றைக்கும் அங்கே போய் நின்றேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே பார்க்கவில்லை.

துணியை இழுத்தாள். அவர் நின்றார். வலது பக்கம் ரோட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நல்லவேளை. இடது பக்கம் ஆற்றுப்பக்கம், யாருக்கும் தெரியாது.

பெரிய அதிகாரி மைக்கில், அன்றைக்குப் பாலத்தில் இருந்தவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். அன்றைக்கு எங்கள் ஜீப்பில் வந்திருந்த ஏட்டு போய்விட்டார். கண்டக்டர் மாரடைப்பில் போனார். பஸ் டிரைவர் அதற்கும் முன்னால். வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துபோன அந்தப் பொறியாளரும் போன வருடம். கைகோத்து வந்தவர்களில் கடைசியாக இருந்த தையல்காரம்மாவின் சாவுக்கு நானே போய்வந்தேன்.

அதற்குள் அவள் எழுந்து, தடியை ஊன்றி, மைக் பக்கம் நடந்துவிட்டாள். மரத்தடியை நோக்கிக் கையை நீட்டினாள்.

“ஒருத்தர் இருக்கார்” என்றாள். அதிகாரி, டிரைவரா அம்மா என்று கேட்டது மைக்கில் கேட்டது.

“என் வீட்டுக்காரர்” என்றாள்.

டிரைவர்களெல்லாம் வழிவிட்டார்கள். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, துவைக்காமல் அப்படியே. அன்றைக்கு அந்த வெளிச்சத்தில் அவரைப் பார்த்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தர். அவ வீட்டுக்காரர்.