எட்டு கிராம்

ஏப்ரல் 8
முதலாளி உதகாவா முடிவு செய்துவிட்டார். நான் வடிவமைத்த புது ரிமோட் ரேஸ் காரின் அடித்தகட்டுக்கு, அதாவது சேஸிக்கு, இரண்டு மில்லிமீட்டர் கார்பன்தான். பாட்டரிப் பள்ளத்தின் மூலையில் விரிசல் விடும், இரண்டேகாலாவது வேண்டும் என்று சோதனைக்கு வெட்டிய தகட்டையே நீட்டினேன்.
"எட்டு கிராம் கூடுதே, மிஷினா. கஜிதானி வளையற சேஸிதான் கேக்கறான். திருப்பத்துல தரையைப் பிடிக்குமாம். ஜெயிக்கறவன் அவன்தானே?"
கஜிதானி எங்கள் கம்பெனிக்காகப் பந்தயத்தில் ஓட்டுபவன். வளைந்தால் பிடிக்கும், வாஸ்தவம். வளைந்து வளைந்து உடைந்தால்?

மே 27
ககோஷிமாவிலிருந்து பார்சல். விரிசல் விட்ட சேஸி, நோசே என்ற தபால்காரரின் கடிதம். "எதிலும் இடிக்கவில்லை. என் ஓட்டத்தில் தப்பிருந்தால் சொல்லுங்கள்."
பதிலை மேலிடமே தந்தது: 'பலத்த மோதலே காரணம்.' கீழே என் பெயர். அனுப்பினேன்.

ஜூன் 12
பதினான்காவது முறை அதே பதில்.

ஜூன் 13
வேலையை விடுகிறேன் என்றேன். யசுகி சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "நீ போனா என்னை மட்டும் விற்பனைல வெச்சிருப்பாங்களா? ஒரு தகட்டுக்காகவா?"
புருஷனுக்கும் அதே கம்பெனி. குடியிருப்பதும் கம்பெனி வீடு. கழிப்பறையில் போய் அழுதேன் — அங்கேயும் கம்பெனி காலண்டர்.

ஜூலை 20
தேசியப் போட்டியில் கஜிதானிக்கு முதலிடம். வண்டியைக் கழற்றும்போது பழக்கத்தில் தகட்டை அளந்தேன். இரண்டேகால். நான் சோதனைக்கு வெட்டியது!
"மெல்லிசு ரெண்டு தடவை உடைஞ்சிடுச்சு, மிஷினா மேடம். முதலாளிக்குத் தெரியும். சத்தம் போடாதீங்க."
"அப்ப வாங்கினவங்களுக்கு?"
"அவங்க என்ன சாம்பியன்ஷிப்பா ஓட்டறாங்க?" சிரிக்கிறான்.
இதுவரை இருபத்தியோரு கடிதம். அத்தனையும் பொய். நான்தானே எழுதினேன்?

ஜூலை 22
இருபத்தியோரு பேருக்கும் திரும்ப எழுதினேன். 'உங்கள் மேல் தப்பில்லை. தகடு மெல்லியது. எனக்கு முன்பே தெரியும்.' போட்ட பிறகு, தபால்பெட்டிக்குள் கைவிட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது.

ஜூலை 31
யாரோ கடிதத்தை இணையத்தில் போட்டுவிட்டார்கள். உதகாவா கத்தக்கூட இல்லை. "நாளையிலேர்ந்து உனக்குக் கீழ பேக்கிங் வேலை."
யசுகி பேசுவதில்லை.

செப்டம்பர் 9
வண்டி வாங்கிய எல்லோருக்கும் அனுப்ப மாற்றுத் தகடுகள் பேக்கிங்குக்கு வந்தன. இரண்டேகால். மத்தியானம் விலாசப் பட்டியலோடு யசுகி கீழே வந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். எதிரில் உட்கார்ந்து ஒரு அட்டைப்பெட்டியை மடித்தார். நாற்பது நாளுக்கப்புறம் முதல் பேச்சு:
"டேப் எங்க?"
தள்ளி வைத்தேன்.