சனிக்கிழமை கேட்க வேண்டும்

டீச்சர், எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் முதல் வரியை முடிப்பதற்குள் நசீமா டீச்சர் ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டார். உங்கள் காலத்துக்குப் பிறகு நம் முதியோர் எழுத்து வகுப்புக்கு வந்திருப்பவர் அவர். யாரையும் எழுதச் சொல்லவில்லை டீச்சர், நானேதான் எழுதுகிறேன்!

இன்று அவர் உங்கள் துணிப்பையைக் கொண்டுவந்தார். உங்கள் மகள் கொடுத்தனுப்பினாராம். திறந்ததும் கிராம்பு வாசனை. தொண்டை கட்டாமலிருக்க வாயில் அடக்கிக்கொள்வீர்களே, அதுதான். உள்ளே உங்கள் பழைய நோட்டு இருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை ஆம்பூரில் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள் கூடுவீர்களே, அங்கே தவறாமல் எடுத்துப்போகும் நோட்டு. முன்பு அதில் எனக்குத் தெரிந்தது வெறும் கோடுகள். இன்று படித்தேன்.

முதல் மாதம் நினைவிருக்கிறதா? தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்து ஓய்ந்த கிழவர்கள் ஒன்பது பேர் வந்தோம். நீங்கள் ‘அ’ எழுத்துக்கு அணில் படத்தைக் காட்டினீர்கள்.

“இன்னா டீச்சர், நாங்க பாக்காத அணிலா? என் பேரன் பாத்தா மானம் போய்டும்” என்றார் பாஷா பாய்.

எல்லோரும் சிரித்தோம், நீங்களும்தான். மறுவாரம் நான்கு பேர். அதற்கடுத்த வாரம் நானும் பாஷா பாயும் மட்டும். இந்த வயதில் ஆசைப்பட்டு வந்தேன், வகுப்பையே மூடிவிடுவார்களோ என்று எனக்குப் பேஜாராகிவிட்டது.

நீங்கள் எங்களைக் குறை சொல்லவில்லை. என்னிடம், “ஐயா, சனிக்கிழமை என்கூட வர்றீங்களா? நான் எங்க தப்பு பண்றேன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க” என்றீர்கள்.

ஆம்பூரில் அத்தனை ஆசிரியர்கள் நடுவே எழுந்து, “என் வகுப்பு காலியாய்ட்டு வருது” என்றீர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. திமிரியிலிருந்து வந்திருந்த பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பி, “இன்னா வேலைங்க பாத்தீங்க?” என்று கேட்டார்.

“தோலைத் தரம் பிரிக்கிறதும்மா. கண்ணே வேணாம். விரல் வச்சா போதும், எங்க பூச்சி கடிச்சுது, எங்க கத்தி பட்டுதுன்னு சொல்லிடுவேன்.”

ஆலங்காயத்து சார் ஒருவர் சட்டென்று, “அப்போ எழுத்தையும் விரலுக்கே குடுங்களேன்” என்றார்.

அடுத்த வகுப்புக்குக் கழிவுத் தோலில் எழுத்துகளை வெட்டி எடுத்து வந்தீர்கள். பாஷா பாய் கண்ணை மூடித் தடவினார். “இது ‘ழ’! வால் ஜாஸ்தி!” என்று கத்தினார். சேதி பரவி, போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

அணில் காட்டிய மாதத்துப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது இரண்டே வரி: “தோற்றேன். சனிக்கிழமை கேட்க வேண்டும்.”

உங்களுக்கு எல்லாம் தெரியும் என்றல்லவா நினைத்திருந்தேன். முதல் பக்கங்களைப் புரட்டினேன். கணியம்பாடியில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு ஏறவில்லை. அதே திமிரி டீச்சர் விடுப்பு எடுத்து வந்து உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பின்பக்கங்களில் மற்றவர்கள் உங்களிடம் யோசனை கேட்கிறார்கள். அங்கேயும், “நான் சொன்ன வழி சரிவரவில்லை, அவர் வேறு வழி கண்டுபிடித்தார்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் கேட்பதை விடவில்லை.

இதை இன்று படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் வாயே திறப்பதில்லை. “எனக்கு இது வராது தாத்தா. இந்த மாசத்தோட நின்னுடலாம்னு பாக்கறேன்” என்றார் நசீமா டீச்சர். நான் அந்த இரண்டு வரியையும் விரல் வைத்து, எழுத்து எழுத்தாக, உரக்கப் படித்துக் காட்டினேன்.

“அவங்களே இப்டி எழுதியிருக்காங்களா?”

“ஒரு எடமா ரெண்டு எடமா? நோட்டு பூரா இதான்மா.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உடனே திமிரி டீச்சருக்குப் போன் போட்டார். வரும் சனிக்கிழமை போகிறார். வழித்துணைக்கு நானும்.

தெரியாது என்று சொல்ல எனக்கு இப்போது நாக்குக் கூசுவதில்லை டீச்சர். அது நீங்கள் கொடுத்தது. ஆம்பூரில் என்ன சொன்னார்கள் என்பதை அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்குள் அந்தப் பெண்களில் ஒருத்தி ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டால், அந்த வார்த்தைதான் கடிதத்தின் முதல் வரி.