பேழைக்குள் போன கட்டளை

திரு நிலைக்க. வேங்கைநாடாளும் அடலேற்றுப் பெருவேந்தர் திருவாய்மொழிப்படி ஓலைநாயகம் அறவாழி மாராயர் எழுதுவித்தது. பொன்னகழித் துறையில் ஈராயிரம் தச்சரை ஆளும் கப்பற்சாலைத் தலைவர் கூத்தன் காவிதியார்க்கும், அவர் துறைக்கும், அங்கு மிதக்கும் கலங்களுக்கும் நலம் விளைக. வழக்கமான மன்னர் புகழ் இம்முறை இத்துடன் நிற்கிறது. காரணம் கீழே விளங்கும்.

மேலைக் கிடங்கு மரங்களைப் புழு துளைத்திருப்பதால் அவற்றைக் கலங்களில் சேர்க்கலாகாது என்று கார்த்திகையில் ஓர் ஓலை அனுப்பப்பட்டது. காவிதியார் அதைத் துறைவாயிலில் எதிர்கொண்டு, சங்கும் முரசும் முழங்க வாங்கி, கண்ணில் ஒற்றி, தலைமேல் தாங்கி, தொடக்கத்தைப் படித்து மெய்சிலிர்த்து, பட்டில் சுற்றிச் சந்தனப் பேழையில் வைத்துப் பூட்டினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

தை மாதத்தில் வெண்காடன் என்னும் தச்சன் அதே கிடங்கின் மரத்தை எடுத்துப் புதுக்கலத்துக்கு அடிமரம் செதுக்கினான். இருபத்திரண்டு ஆண்டு உளி பிடித்த கை, வேலையில் பழுதில்லை. வெள்ளோட்டத்தன்று கலம் நடுவே பிளந்தது. ஏறியவர்கள் நீந்தத் தெரிந்தவர்கள் ஆதலால் பிழைத்தார்கள். அரச கட்டளையை மீறினான் என்று வெண்காடன் சிறைப்பட்டான். வரும் அமாவாசை உதயத்தில் அவன் வலக்கைக் கட்டைவிரலைக் களைவதெனத் தீர்ப்பாயிற்று. விரல் போன தச்சனுக்கு உளி எதற்கு, சோறுதான் ஏது?

சிறைக்கணக்கர் எழுதிய அவன் வாக்குமூலம் நேற்று வந்தது. ஓலை வந்த நாள் தனக்கு நன்றாக நினைவிருக்கிறதென்றும், வேலையை நிறுத்தி வழியோரம் நின்று கும்பிட்டதாகவும், முரசு ஓய்ந்ததும் மீண்டும் உளியை எடுத்ததாகவும் அவன் கூறியிருக்கிறான். விரலை விட்டுவிடுமாறு அவன் கேட்கவில்லை. அந்த ஓலையில் என்னதான் எழுதியிருந்தது என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

ஓலைநாயகம் தம்மிடமிருந்த அவ்வோலையின் படியை எடுத்துப் பார்த்தார். மன்னர் புகழுக்குப் பதினேழு வரி. மரத்துக்கு ஒரு வரி, அதுவும் கடைசியில். அவருக்கு வெட்கமாயிருந்தது. காவிதியாரை மட்டும் கடிந்து தாம் நழுவிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

ஆகவே கட்டளை. வெண்காடன் குற்றமற்றவன், இக்கணமே விடுவிக்க. மேலைக் கிடங்கு மரத்தை எவரும் தொடலாகாது. இவ்வோலைக்குச் சங்கு வேண்டா, முரசு வேண்டா, பட்டும் வேண்டா. அவற்றைத் தேடி எடுப்பதற்குள் அமாவாசை விடிந்துவிடும். ஈராயிரவரையும் கூட்டி உரக்கப் படிக்க. இனி வரும் ஓலைகளுக்கும் இதுவே முறை. கேட்டவருள் ஒருவர், தாம் கேட்டது இன்னதெனத் திருப்பிச் சொல்ல வேண்டும். இம்முறை வெண்காடன் சொல்லட்டும். அவன் சொல்வதை இவ்வோலையின் பின்புறம் எழுதி, கீழே அவன் வலக்கைக் கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதித்து அனுப்புக.

வேங்கை இலச்சினை இடப்பட்டது. அந்த விரற்பதிவு வந்து சேரும்வரை, இக்கட்டளை போய்ச் சேர்ந்ததாக அரண்மனை கொள்ளாது.