தானாகத் திரும்பிய ரொட்டி

அக்டோபர் 6, திங்கள்

எங்கள் பொம்மைப் படத்து ஓநாய்க்கு இன்று கம்பளிக் கால்சட்டை தைத்தேன். இடுப்பில் இறுக்கிப் பிடித்தது. "ஆட்டுக்குட்டிய கொஞ்சம் கொறச்சுக்கோடா" என்றேன். இயக்குநர் மெலிஸ் சிரிக்கவில்லை. பொம்மையின் கையை எள்ளளவு நகர்த்தி, விலகி, கேமராவில் ஒரு படம். மறுபடி எள்ளளவு, மறுபடி ஒரு படம். திரையில் ஒரு நொடி ஓடப் பன்னிரண்டு படம்! இவன் மூச்சு விடுவதே மதியச் சாப்பாட்டுக்குத்தான்.

எனக்கும் ஒரே ஒரு தடவை நகர்த்திப் பார்க்க ஆசை. கேட்டேன்.

"பாக்தகுல் அக்கா, அதப் படிங்க."

மேசையில் ஒட்டிய தாள்: யாரும் தொடக்கூடாது.

அக்டோபர் 7

தையல் நோட்டின் ஓரத்தில் ஒரு கோழி வரைந்தேன். அடுத்த பக்கத்தில் கொஞ்சம் குனிந்த கோழி. இப்படி முப்பது பக்கம். விரலால் சரசரவென்று விட்டால் கொத்துகிறது! ஓஷ் சந்தைப் பேருந்தில் பக்கத்து ஆள் இறங்க மறந்துவிட்டார்.

அக்டோபர் 9

ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன்.

தேநீர் கொண்டு போனேன். மேசையில் ஓநாய் விருந்தைக் கலைத்துப் போட்டிருந்தது. ரொட்டி முகம் குப்புறக் கிடந்தது. ரொட்டியைக் கவிழ்த்துப் போடுவது எங்களுக்குப் பாவம். அதைப் பார்த்துவிட்டு எந்தக் கிர்கிஸ் கை சும்மா இருக்கும்? நிமிர்த்தி வைத்துவிட்டு வந்துவிட்டேன். நகத்தளவு களிமண் ரொட்டிதான் — கைக்கு அது தெரியுமா?

மெலிஸ் கவனிக்காமல் மேலே நாற்பது படம் எடுத்துவிட்டான். நிமிர்ந்த ரொட்டி அவன் கண்ணுக்கும் சரியாகத்தானே தெரியும்! சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால், ரொட்டி தானாகத் துள்ளித் திரும்புகிறது.

"யாரு தொட்டது?"

"நான்தான் தம்பி. வேலைய விட்டுத் தூக்கு. மொதல்ல மூச்ச விடு, நீலமாயிட்ட."

வரும் புதன்கிழமை படத்தைத் திரைப்பட விழாவுக்கு அனுப்ப வேண்டும். என் வேலை? அவன் கணினி அறைக்கு ஓடிவிட்டான்.

அக்டோபர் 10

எங்கள் கணினிப் பெண் அய்பீகே திரையில் ரொட்டி செய்கிறாள். முதலில் வலைபோலக் கோடுகள், மேலே தோல், கடைசியில் வெளிச்சம். நாற்பது படத்திலும் அதைக் குப்புற ஒட்டி என் தப்பை மறைக்கப் போகிறாள்.

"என்னடி, ஷாம்பு போட்டுக் குளிச்ச ரொட்டி மாதிரி இருக்கு?"

"வேற எப்படி வேணும் உங்களுக்கு?"

"அடுப்புச் சுவர்ல ஒட்டின அடிப்பக்கம் கருகணும்."

கருக்கினாள். எனக்குப் பசித்துவிட்டது! இதுவும் பொம்மைதான். உள்ளே கம்பிக்குப் பதில் கணக்கு.

அக்டோபர் 13

திருத்திய காட்சியை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். ஓநாய் அப்படி ஆடுகிறது, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. டிரைவர் ஜுமாபய் நாற்காலியில் நெளிந்தார். "யாராச்சும் அந்த ரொட்டிய நிமித்துங்கப்பா! ஓநாய அப்புறம் பாத்துக்கலாம்."

அய்பீகே குறும்பாக என் தப்பு இருந்த பழைய காட்சியைப் போட்டாள். ரொட்டி துள்ளியதும் அறையே கைதட்டியது.

மெலிஸ் தலையைச் சொறிந்தான். "ஒரே தாவாத் தாவுது. நடுவுல ஆறு படம் வேணும். அக்கா... நீங்களே திருப்புங்க."

நானா? நானேவா?

அக்டோபர் 14

பழைய படத்தைத் திரையில் மங்கலாக வைத்து, அதே இடத்தில் ஓநாயை நிறுத்தினோம். பிறகு ரொட்டி. அடியில் மெழுகு உருண்டை முட்டுக்கொடுத்து, எள்ளளவு திருப்பு. விலகு. படம். ஆறு தடவை! மூச்சு விட்டேனா என்பதே நினைவில்லை. மெழுகை அய்பீகே கணினியில் அழித்தாள். ஓநாயின் கண்ணையும் ரொட்டிப் பக்கம் உருட்டிவிட்டாள். திருட்டு முழி!

அக்டோபர் 15

படம் விழாவுக்குப் போய்விட்டது.

அக்டோபர் 20

மேசையில் மெலிஸ் புதுத் தாள் ஒட்டியிருக்கிறான்: பாக்தகுல் அக்காவைத் தவிர யாரும் தொடக்கூடாது.

மதியம் தேநீரோடு அவனே மேசைக்கு வந்து பொம்மைப் பக்கம் கையை நீட்டினான்.

"தம்பி, கைய எடு" என்றேன்.