கொடியில் துண்டு இல்லாத காலை

அன்பு மகளுக்கு,

அப்பா உயிரோடும் புதுப் பூட்டோடும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ ஒன்று கேட்டால் நான் ஏதாவது கிண்டல் பேசித் தப்பித்துவிடுவேன். காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவனுக்குச் சமாளிக்கச் சொல்லியா தர வேண்டும்? அதனால்தான் கடிதம். இதுவரை எழுதுவதற்குள் பலமுறை எழுந்து பால்கனிக்குப் போய் வந்துவிட்டேன்.

எதிர் பிளாக்கில் தனியாக இருக்கும் தையல்காரரும் நானும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். பயப்படுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அவரவர் பால்கனிக் கொடியில் துண்டைப் போட வேண்டும். துண்டு தெரிந்தால் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

அன்றைக்கு உன் அப்பன், பெரிய புத்திசாலி, அந்தத் துண்டையே தோளில் போட்டுக்கொண்டு முடிவெட்டப் போய்விட்டான். போன் கட்டிலிலேயே கிடந்தது. கடையில் கூட்டம். எனக்கென்ன அவசரம்? பேச ஆள் கிடைத்தது, உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தால் நம் மாடிப்படி முழுக்க ஜனம். புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாவிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். "தனியா இருந்த பெரியவராம். பாவம், போய்ட்டாரு போல" என்றாள். நானும் அடப் பாவமே என்று உச்சுக்கொட்டி, நல்ல மனுஷனா என்று விசாரித்தேன். "தெரியலைங்க, ரொம்பப் பேசுவாராம்" என்றாள். எட்டிப் பார்த்த பிறகுதான், உடைந்து கிடப்பது நம் கதவு என்று புரிந்தது.

தையல்காரர் என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். "துண்டு எங்கய்யா?" என்று கத்தினார். பிறகு கையில் பிடித்த கடப்பாரையோடு படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அதைத் தாங்கிக்கொண்டார். ஆனால் கதவை உடைக்கும் முன் பதறிப்போய் உனக்குப் போன் செய்திருந்தார் அல்லவா? நான் நன்றாக இருக்கிறேன் என்று தெரிந்த பிறகு நீ அவரைக் கூப்பிட்டு, விசாரிக்காமல் ஒரு மனுஷனைச் சாகடிப்பீர்களா, உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டாயாம். உன்னைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா?

ஆனால் அன்றிலிருந்து அவர் கொடியில் துண்டு இல்லை. நேற்றுப் போய் மணியடித்தேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "உசுரோடதான் இருக்கேன், போங்க. உங்க பொண்ணு கேட்டது நியாயந்தான்" என்று சாத்திவிட்டார். 'போய்யா' என்று திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். எனக்கே மரியாதை கொடுக்கிறார், பார்!

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. டிவியைப் போடுகிறேன், அணைக்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போகிறேன், பொங்கி வழிகிறது. திட்டாதே, துடைத்துவிட்டேன்.

கேமரா வைக்க வேண்டும் என்றாய். தாராளமாக வை. நீ என்னைப் பார்க்கலாம். நான் யாரைப் பார்ப்பது?

அவருக்கு ஒரு போன் செய்யம்மா. மன்னிப்பெல்லாம் கேட்காதே, கூச்சப்படுவார். குழந்தைக்கு ஒரு கவுன் தைக்கணும் மாமா என்று ஆரம்பி. கண் சரியில்லை என்பார், விடாதே. பேச்சோடு பேச்சாக, அப்பாவுக்காகக் கதவை உடைச்சீங்களே மாமா என்று மட்டும் சொல்லிவிடு. எனக்காகக் கடப்பாரையைத் தூக்க இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

குழந்தைக்கு என் முத்தம். குடும்பத்தோடு நிறைவாக இரு. அவரிடம் பேசிவிட்டு, நேரம் இருந்தால் எனக்கும் ஒரு போன் செய்.

இப்படிக்கு,
உன் அப்பா