சுவரோடு போன வள்ளி

எதிர் வீட்டில் மாடி எடுக்கிறார்கள். காலையிலேயே ஈரச் சிமெண்ட் வாசனை ஜன்னல் வழியாக வந்துவிட்டது. எழுந்துபோய்ச் சாத்தினேன். சாத்தியும் போகவில்லை. சரி, உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. உனக்குச் சொல்ல இப்படி ஒரு சேதி வரும் என்று நினைக்கவில்லை. போன வாரம் திருத்தணி கல்யாண மண்டபத்தில் உன் வள்ளியை இடித்துவிட்டார்கள்.

வேறு யாரிடம் போய்ச் சொல்வது? உன் அண்ணனுக்குப் போன் செய்தேன். "அப்டியா, ஏசி போடறாங்களாமே" என்றார்.

காலேஜில் செராமிக் பிரிவில் நாம் இரண்டே பெண்கள். சூளை அடுக்கும் நாளில் நம்மை மட்டும் தள்ளி நிற்கச் சொல்வார்கள். பெண் கைக்கு ஜாடியில் பூப்போடத்தான் வரும் என்று ஒரு நினைப்பு. நீ துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உள்ளே புகுந்தாய். "எங்க ஊட்ல கரும்புக்கட்டு தூக்கற கை சார் இது. ஓடு தூக்காதா?" அன்றைக்கு ஒதுங்கி வழிவிட்ட பையன்களே பிறகு கிளேஸ் பூச்சு கலக்க உன்னைத்தான் தேடி வந்தார்கள். கண்காட்சியில் அவர்கள் பெயர் இருந்தது. உன் பச்சை நிறம் அவர்கள் ஜாடிகளில் பளபளத்தது.

படிப்பு முடிந்ததும் நான் அரக்கோணத்தில் டிராயிங் டீச்சராகி மாதச் சம்பளத்துக்குள் ஒடுங்கிவிட்டேன். நீ ஆர்.கே.பேட்டையில் உங்கள் நைனாவின் பம்ப்செட் கொட்டகையில் கேஸ் சூளை போட்டாய். ஊர் சிரித்தது. "எம்பொண்ணு மண்ணத்தான சுட்டுகினு கீது, ஊரயா சுடுது?" என்று நைனாதான் எல்லோர் வாயையும் அடைப்பார்.

அந்தக் கொட்டகையில் செய்ததுதான் மண்டபத்துச் சுவர், ஓடு ஓடாகச் சுட்டுச் சேர்த்த சித்திரம். கோடை விடுமுறை முழுக்க நான் வந்து உனக்கு மண் பிசைந்து கொடுத்தேன். விளைந்த தினைக்காடு, பரண்மேல் கவணோடு வள்ளி, தலைக்குமேல் திமிர் பிடித்த கிளிகள். முருகன் இல்லை. மண்டபத்து முதலாளி வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இன்னாம்மா, கல்யாண மண்டபத்துல பொண்ணு மட்டும் நிக்குது. மாப்ள எங்க?"

"முகூர்த்தத்துக்கு நேரம் கீதுங்க. வந்துகினு இருக்காரு."

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவரே சிரித்துவிட்டார்.

கீழே உன் பெயரைப் போடச் சொன்னேன். அந்த இடத்தில் தன் அப்பா பெயரில் 'உபயம்' வேண்டும் என்றார் முதலாளி. பேப்பரில் வந்த படத்திலும் அவர்தான் நின்றார். நான் பொரிந்து தள்ளினேன். நீ, "பேரு கெடக்குதுடி, செவுரு நிக்குதில்ல?" என்றாய்.

ஓடுகளைப் பலகையில் ஒட்டி, திருகாணி போட்டு மாட்டலாம் என்று நான் சொன்னதற்கும் நீ இணங்கவில்லை. "கழட்டறா மாரி வெச்சா எவனாவது கழட்டுவான்டி. செவுரோட செவுரா இருக்கணும்." கலவையை யாரையும் தொடவிடாமல் நீயே குழைத்தாய். ஒவ்வொரு ஓட்டின் முதுகையும் கீறி, நனைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாய். முடித்ததும் கையைத் தட்டிவிட்டு, "இனிமே எவனாலயும் பேக்க முடியாது" என்று சிரித்தாய்.

நீ போனதும் சூளை பழைய இரும்புக்குப் போனது. உன் ஜாடிகள் யார் யார் வீட்டிலோ பெயரில்லாமல் இருக்கின்றன. எனக்கென்று நீ ஒரு டம்ளர்கூடத் தந்ததில்லை. "உனுக்கு நல்லதா ஒண்ணு செய்யறேன், இரு" என்பாய். இருந்தேன். இது அவள் செய்தது என்று கையை நீட்டிச் சொல்ல அந்தச் சுவர் ஒன்றுதான் மிச்சமாக இருந்தது.

இப்போது மண்டபத்தைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் மகன். "மேடம், அந்தச் செவுரு போவுது. வேணும்னா டைல்ஸ எடுத்துக்குங்க" என்று அவனே போன் செய்தான். நல்ல பையன்தான். போர்வைகளும் மாம்பழப் பெட்டிகளுமாக ஆட்டோ வைத்துக்கொண்டு ஓடினேன். மேஸ்திரி உளியை வைத்தார். முதல் கிளி தலையில்லாமல் வந்தது. இரண்டாவது தூளாக வந்தது. மெஷின் வைத்து அறுத்தும் பார்த்தார். ஓடு உடைந்ததே தவிர, அதைப் பிடித்திருந்த கலவை அசையவில்லை.

"யாரும்மா ஒட்னது? செவுரே வந்தாலும் இது வராது."

உன்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஏன்டி அவ்வளவு நன்றாக ஒட்டினாய்? ஏனோதானோ என்று செய்திருந்தால் வள்ளியின் முகமாவது கிடைத்திருக்குமே! உனக்கு அரைகுறை வேலை வராது. அந்தப் பாழாய்ப்போன ஒழுங்குதான் உன்னை மிச்சமில்லாமல் துடைத்துவிட்டது.

மத்தியானம் சுவரை இடித்தார்கள். இடிபாட்டை அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் பெண் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொம்பளயா செஞ்சாங்க இத?"

"ஆங்."

"வேற இன்னா செஞ்சிருக்காங்க? எங்க போனா பாக்கலாம்க்கா?"

மேஸ்திரி அதட்டினார். அவள் துண்டைச் சட்டியில் போட்டாள். "ஒரு கை குடுங்கக்கா" என்றாள். தூக்கி அவள் தலையில் வைத்தேன். அடுத்த சட்டியை என் தலையில் ஏற்றச் சொன்னேன். டிராக்டர்வரை சுமந்துபோய் உன் வள்ளியை நானே கொட்டிவிட்டு வந்தேன்.

கழுத்து இன்னும் வலிக்கிறது. தைலம் தேய்க்கவில்லை. நீ செய்ததிலிருந்து எனக்கென்று கிடைத்தது இது ஒன்றுதான். இதுவும் இரண்டொரு நாளில் போய்விடும்.