அப்பா தைத்த பிள்ளைப் போர்வை

சேசு மரி சூசை துணை

செடெனாக்,
20 ஆகஸ்டு 1934

அன்பு மகள் பியாட்ரிசுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நானும் அப்பாவும் இரண்டு ஆடுகளும் சுகம். ஈப்போவில் நீயும் மருமகன் செபஸ்தியனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமென்று நீ எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறைத்துக்கொள். இத்துடன் ஒரு பார்சல் வருகிறது, பிரிக்குமுன் இதைப் படித்துவிடு. உள்ளே இருக்கும் போர்வை நான் தைத்ததல்ல, உன் அப்பா தைத்தது.

சிரிக்காதே. சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட என் முகத்தைப் பார்க்கிற மனிதர்தான். நீயாகப் பார்த்து முடித்த கல்யாணம் என்று கோயிலுக்கு வராமல் வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு வருஷமாக உன் பெயரையே வாயில் எடுக்காதவர்தான். நீ உண்டாயிருக்கும் சேதியை வாசித்துக் காட்டினேன். மறுநாள் தோட்டத்துத் துரை வீட்டுக் கொடியில் குழந்தையின் ஒட்டுத்துணிப் போர்வை காய்வதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ஊசி கேட்டார். நான் காட்டித் தருகிறேன் என்றதற்கு, "ஒன்னும் வேணாம், எனக்குக் கண்ணு இருக்கு" என்றார். என் பழைய சேலைகளைச் சதுரமாக வெட்டினார், இரண்டு சதுரம் ஒரே அளவில் இல்லை. மேலே சேலைத் துண்டு, நடுவில் பழைய கம்பளி, அடியில் வேட்டி, மூன்றும் தைக்கத் தைக்க நழுவின. பால் உறையவைக்கும் ரப்பர் ஸ்டோரில் வேலை செய்கிறவருக்கு வேறென்ன தோன்றும்? ஒரு சிரட்டை ரப்பர் பாலைத் தடவி ஒட்டி வெயிலில் போட்டுவிட்டார்! காய்ந்ததும் விறைத்து, நாற்றம் குடலைப் பிடுங்கியது. பக்கத்து வீட்டு ராஜம்மா மலாய்க்காரி மாதிரி, "அலமாக்! அண்ணே, இது பிள்ளைக்கா, கூரைக்கா?" என்று கேட்டே விட்டாள். கோபித்துக்கொண்டு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அதை ஆட்டுக் கொட்டகை மேல் போட்டுவிட்டு, மறுபடி முதல் துண்டிலிருந்து ஆரம்பித்தார். ஆறு ஞாயிறு, பூசை முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். நழுவாமலிருக்க இந்தத் தடவை துணியில் எலுமிச்சை முள்ளைக் குத்தி வைத்துக்கொண்டார், யாரும் சொல்லித்தரவில்லை. முதல் வரிசைத் தையல் கோழி நடந்த மாதிரி இருக்கும், கடைசி வரிசையைப் பார், எனக்குக்கூட அப்படி வராது. எனக்குப் பெருமை தாங்கவில்லை மகளே.

பாதிச் சேலை ரப்பர் பாலில் போய்விட்டதால் நடுச் சதுரத்துக்குத் துணி போதவில்லை. பெட்டியைத் திறந்து, உன் கல்யாணத்துக்கென்று தனக்குத் தைக்கக் கொடுத்து ஒரு நாளும் போடாத அந்தப் பட்டுச் சட்டையை எடுத்துக் கத்தரிக்கோலை வைத்தார். ஐயோ, புதுச் சட்டை என்று கையைப் பிடித்தேன். "பியாட்ரிஸ் பிள்ளைக்குத்தானே, விடு" என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

முள் ஏதும் தங்கியிருக்கிறதா என்று நன்றாகத் தடவிப் பார், நானும் மூன்று தரம் பார்த்தேன். சுடுதண்ணீரில் துவைக்காதே. தேவமாதா உன்னையும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே, பதில் எழுதும்போது உறைமேல் என் பெயர் வேண்டாம், கிரகோரி என்று அப்பா பெயரைப் போடு. வாசித்துக் காட்டுவது நான்தான், பிரிப்பது அவராக இருக்கட்டும்.

உன் அம்மா,
சவேரியம்மாள்